படமும் நாலு வரியும்



லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பலகைச் சுவர் நினைவிருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகை. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பலகை இடுக்கை மறைப்பதற்கு நம் தாய்மார்கள் பழைய தாள்களைச் சோற்றுப் பசை தடவி ஒட்டுவார்கள். எந்தத் தாள் மேலே வரவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. விலைவாசிச் செய்தி அடியில் போய்விடும். சாமி படம் தனி இடத்துக்குப் போகும். வாரப் பத்திரிகையில் வந்த ஒரு படம், அதன் கீழே நாலு வரிப் பாட்டு என்றால், அது கண்ணுக்கு நேரே வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று வெகுகாலம் இருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கும் ஒரு பெண். கீழே நாலு வரி. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த நாலு வரியை மட்டும் கூட்டாமல் சொல்வார். "இந்தப் படத்தை ஏம்மா ஒட்டினே?" என்று கேட்டால், "பாக்க நல்லாருக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

ஒரு சின்னப் படமும் சின்னக் கவிதையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பார்க்கிறவர் மனத்தில் யாரோ ஒருவரைப் பற்றிய ஏக்கம் எழுகிறது. விட்டுவந்த ஓர் இடத்தின் நினைவு வருகிறது. இது எப்படி நடக்கிறது? இன்றைய பேச்சில் இதைத்தான் பார்க்கப் போகிறோம். இந்த வேலையையே வாழ்நாள் தொழிலாகச் செய்த ஒருவரிடமிருந்து தொடங்குவோம்.

அவர் ஜப்பானியர். பெயர் தாக்கேஹிசா யுமேஜி. 1884ஆம் ஆண்டு ஒக்காயாமா மாநிலத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. யுமேஜி என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். 'யுமே' என்றால் கனவு. ஓவியப் பள்ளியில் படித்தவர் அல்லர். கவிஞராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் எழுதிய கவிதை சாப்பாட்டுக்கு ஆகவில்லை. ஆகவே கவிதையைச் சொல்லால் எழுதுவதை விட்டுப் படமாக எழுதத் தொடங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1909இல் அப்படிப்பட்ட படங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அது நன்றாக விற்றது. படத்தின் பக்கத்தில் சிறு சிறு கவிதைகள். பெரிய கண்ணும் மெலிந்த உடலுமாகச் சற்றே சாய்ந்து நிற்கும் பெண்கள். அவர்கள் பெரும்பாலும் நம்மைப் பார்ப்பதில்லை, வேறெங்கோ பார்க்கிறார்கள்.

அவர் பெரிய மனிதர்களின் கூடத்தில் மாட்டுவதற்காக மட்டும் வரைந்தவர் அல்லர் என்பது நமக்குப் பிடித்த செய்தி. 1914இல் தோக்கியோ நகரில் மினாத்தோயா என்று ஒரு கடை திறக்கப்பட்டது. மணவிலக்குப் பெற்ற மனைவியின் பிழைப்புக்காகத் திறந்த கடை அது. அங்கே யுமேஜியின் படம் அச்சிட்ட கடிதத் தாள், கடித உறை, வண்ணத்தாள், குடை எல்லாம் கிடைக்கும். கையில் கொஞ்சம் காசு வைத்திருக்கும் பெண்கள் வந்து வாங்கிப் போனார்கள். பெரிய ஓவியம் வாங்க முடியாதவருக்கும் கடித உறை வாங்க முடியும் அல்லவா? நம் அம்மா சோற்றுப் பசை தடவி ஒட்டிய தாளும் அந்தக் கடித உறையும் ஒரே இனம் என்றே நாம் நினைக்கிறோம்.

அவருடைய மிகப் பெயர் பெற்ற கவிதை மூன்றே வரி. வராத ஒருவருக்காகக் காத்திருப்பதைச் சொல்கிறது. மாலையில் மலர்ந்து காலையில் வாடிவிடும் ஒரு பூ அதில் வருகிறது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1910ஆம் ஆண்டுக் கோடையில் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். மறுபடியும் அந்த ஊருக்குப் போனபோது அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டிருந்தது. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் கவிதையில் கடற்கரையும் இல்லை, கல்யாணமும் இல்லை; காத்திருத்தல் மட்டும் இருக்கிறது. பிறகு 1918இல் அது இசையமைத்த பாட்டாக வெளிவந்து நாடெங்கும் பரவியது. ஏன் காத்திருக்கிறாள், யாருக்காக என்று சொல்லாமல் விட்டதால், பாடிய ஒவ்வொருவரும் தம்முடைய ஆளை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள்.

ஜப்பான் என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களில் சிலருக்கு முகம் மாறியிருக்கும். மாறுவது நியாயமே. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவதற்கு ஜப்பானிய இராணுவம் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டு போனது. திரும்பாதவர்கள் இல்லாத தோட்டம் குறைவு. எங்கள் குடும்பத்திலும் ஒருவர் திரும்பவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம். யுமேஜி 1934இலேயே காசநோயால் இறந்துவிட்டவர். இன்னொன்றும் சொல்லவேண்டும். 1905இல், ரஷ்யாவை ஜப்பான் வென்ற காலத்தில், இருபது வயது இளைஞராக இருந்த அவர் ஒரு பத்திரிகையில் வரைந்த படம் இது: செஞ்சிலுவை அடையாளமிட்ட வெள்ளை அங்கி போர்த்திய எலும்புக்கூடு ஒன்று, பக்கத்தில் அழும் பெண். ஊரெல்லாம் வெற்றி விழாக் கொண்டாடியபோது அவர் கண்ணில் அந்தப் பெண்தான் பட்டாள்.

அவருடைய படம் எல்லாமே உயர்ந்தது என்று சொல்லமாட்டோம். சிலவற்றில் தேன் கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது. அழகான பெண், அழகான சோகம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் 1923ஆம் ஆண்டு செப்டம்பரில் பூகம்பமும் தீயும் தோக்கியோவை அழித்தபோது, எரிந்த தெருக்களில் நடந்து நடந்து வரைந்தார். ஒரு நாளிதழில் 21 தவணைகளாகப் படமும் சிறு குறிப்புமாக வந்தன. தெருவில் சிகரெட் விற்கும் ஒரு பெண்ணை அதில் வரைந்திருக்கிறார். அங்கே தேன் இல்லை.

இந்த முறை யுமேஜி கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் 17 அசைக்குள் அடங்கும் ஹைக்கூ என்ற கவிதை உண்டு. நம் பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, அதன் சொற்சுருக்கத்தை வியந்திருக்கிறார். இந்த ஹைக்கூவைத் தாளில் எழுதிப் பக்கத்தில் நாலைந்து தூரிகைக் கோடுகளில் ஒரு படம் போட்டால் அதற்கு ஹைகா என்று பெயர். பாஷோ வரைந்தார். அவருக்குப் பின் வந்த பூசோன் கவிஞர், ஓவியர் இரண்டுமே. நல்ல ஹைகாவில் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம்: கவிதையில் உள்ளதையே படம் திருப்பிச் சொல்வதில்லை. கவிதை நிலாவைப் பற்றி இருந்தால் படத்தில் நிலா வராமல், ஒரு குடையோ ஓலைத் தொப்பியோ இருக்கலாம். மீதித் தாள் வெறும் வெள்ளை. பார்ப்பவர் இரண்டையும் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தோன்றுகிறதா? நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் பந்துன் படிக்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு அடி பெம்பாயாங். ஒரு பறவை, ஓர் ஆறு, சந்தைக்குப் போன பழம் என்று ஏதோ ஒரு காட்சி. பின் இரண்டு அடி மக்சூட்; சொல்ல வந்த செய்தி. காட்சிக்கும் செய்திக்கும் நேர்த்தொடர்பு இருக்கவேண்டும் என்பதில்லை, ஓசை சேர்த்துவைக்கிறது. நம் குறுந்தொகையும் நாலு அடி முதல் எட்டு அடிக்குள் இதைத்தான் செய்கிறது. கார்காலம், மாலைப் பொழுது, முல்லைப் பூ என்று சொன்னாலே, போனவர் இன்னும் வரவில்லை என்பது நமக்குப் புரிந்துவிடும். படத்தைச் சொல்லுக்குள்ளேயே வரைந்துவிட்டார்கள் நம் முன்னோர்.

இப்போது கைப்பேசியில் காலையில் வந்து விழும் படங்களைப் பாருங்கள். ரோஜாப் பூ, அதன்மேல் ரோஜாவைப் பற்றி நாலு வரி. அழும் கண்; அதன்மேல் கண்ணீரைப் பற்றி நாலு வரி. சொன்னதையே சொன்னால் நமக்கு என்ன வேலை இருக்கிறது? பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நாமும் அந்தத் தவற்றைச் செய்தவர்தாம்.

எங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய கணவர், எங்கள் அப்பாவைப் பெற்றவர், பால்மரம் வெட்டியவர். 1943இல் சயாமுக்குப் போனார். அப்போது அப்பா கைக்குழந்தை. தாத்தாவுக்கு ஒரு புகைப்படம் கிடையாது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் யார் படம் எடுத்தார்கள்? பாட்டி அவரைப் பற்றிப் பேசவும் மாட்டார். நாங்கள் கேட்டால் வெற்றிலைப் பையைத் திறந்து பாக்கு வெட்டத் தொடங்கிவிடுவார்.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது ஓவியமும் கற்றோம். விடுமுறைக்கு வரும்போது பாட்டிக்கு ஒரு பரிசு கொண்டுவர நினைத்தோம். அப்பாவின் முகத்தை வைத்துக்கொண்டு, வயதைக் குறைத்து, மீசை சேர்த்து, தாத்தாவின் முகத்தை வரைந்தோம். பின்னால் ஒரு ரயில். கீழே கவிதை, அதிலும் ரயில், அதிலும் கண்ணீர், போதாததற்குப் பிரிவுத் துயர். கண்ணாடிச் சட்டம் வேறு போட்டோம். பாட்டி வெகுநேரம் பார்த்தார். "இது யாருய்யா? ஒங்கப்பன் மாதிரில்ல இருக்கான்" என்றார். பிறகு, "அவரு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பாட்டியின் மேல்தான் கோபம்.

கல்லூரிக்குத் திரும்பியபின் ஓவிய விரிவுரையாளரிடம் இதைச் சொன்னோம். அவர் சீனர், தமிழ் தெரியாதவர். படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன் பாட்டியிடம் அவருடைய பொருள் ஏதாவது இருக்கிறதா?" இருந்தது. பால் வெட்டும் உளி ஒன்று. துருவேறிய அந்த உளியைப் பாட்டி பழந்துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதை நாம் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. "முகத்தை விட்டுவிடு, உளியை வரை" என்று சொல்லி, யுமேஜியின் படங்களும் ஹைகாப் படங்களும் இருந்த புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். யுமேஜியை நாம் அறிந்தது அப்படித்தான்.

அடுத்த விடுமுறைக்கு வேறொரு தாள் கொண்டுவந்தோம். பென்சில் கோடுதான், வண்ணம் இல்லை. லயத்து வீட்டு வாசல், நிலைக்கால், பக்கத்துப் பலகையில் ஆணியில் மாட்டிய ஓர் உளி. ஆள் யாரும் இல்லை. கீழே இந்த வரிகள்:

பெரட்டு மணி அடித்து ஓய்ந்தது;
நிரையில் ஆள் இறங்கியாயிற்று;
சுவரில் ஓர் உளி மட்டும்
இன்னும் கிளம்பவில்லை.

பாட்டி படிக்கச் சொன்னார். படித்தோம். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டு, "உளி இந்தப் பக்கம் இல்லய்யா. வாசலுக்கு எடது பக்கம். அவரு எடது கைக்காரரு" என்றார்.

வாசலில் நின்றிருந்த எங்கள் அப்பாவுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். "எங்கப்பா எடது கையா?" என்று கேட்டார். தம் தகப்பனைப் பற்றி அவர் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட செய்தி அது. எங்கள் தங்கைக்கும் இடது கைப் பழக்கம். அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு பாட்டி பேசினார். இடது கையால் வெட்டினால் பட்டை கெட்டுப்போகிறது என்று கங்காணி ஏசியதையும், தாத்தா வலது கைக்கு மாறப் பழகியதையும், ஆனால் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் இடது கைதான் என்பதையும் சொன்னார். சோறு மட்டும் வலது கையில். கல்யாணமான புதிதில், ஒட்டுப்பால் வாசனை போகவில்லை என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால், தாத்தா ஆற்றங்கரைக்குப் போய் மண்ணைத் தேய்த்துக் கையைக் கழுவிவிட்டு வருவாராம். இதைச் சொல்லும்போது எண்பது வயதுப் பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். காதல் என்றால் சினிமா என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். தோட்டத்திலும் அது இருந்தது. அதற்குப் பாட்டெழுதத்தான் ஆள் இல்லை.

படத்தை மறுநாளே திருத்தி, உளியை இடது பக்கம் வரைந்து கொடுத்தோம். பாட்டி அதைச் சட்டம் போட விடவில்லை. நாலாக மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார். மடிப்பில் கோடு அழிந்துபோயிற்று. அவருக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது நாம் படிப்பிக்கும் பள்ளிக்குத் தோட்டப் பள்ளி என்றுதான் பெயர். ஆனால் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயமும் இடிக்கப்பட்டு, நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாமான் வீடுகளிலிருந்து வேன் ஏறி வருகிறார்கள். ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியும், கேட்பாரில்லை. ஆகவே ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். இதை உங்கள் வீட்டிலும் செய்யலாம். பெரிய செலவு இல்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும்.

முதலில் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் பிள்ளை உட்காரவேண்டும். "தாத்தா எப்படி இருந்தார்?" என்று கேட்டால் "நல்லா இருந்தார்" என்ற பதில்தான் வரும். "வேலை முடிந்து வந்ததும் வாளியை எங்கே வைப்பார்?" என்று கேட்கவேண்டும். அப்போது கை தானாக எழுந்து ஓர் இடத்தைக் காட்டும். காண்டா, மங்கு, சீமெண்ணெய் விளக்கு, ஏணை கட்டிய சேலை, எதுவாக இருந்தாலும் ஒரே ஒரு பொருளை வரையவேண்டும். முகம் வேண்டாம். நம் பிள்ளைகள் தாள் முழுவதும் நிரப்பினால்தான் ஆசிரியர் மதிப்பெண் போடுவார் என்று நினைத்து மேகம், மலை, இரண்டு பறவை எல்லாம் சேர்த்துவிடுவார்கள். பாதித் தாளை வெறுமையாக விடச் சொல்லுங்கள். பிறகு நாலு வரி. எதுகை மோனை வந்தால் வரட்டும், வராவிட்டால் பரவாயில்லை. படத்தில் உள்ள பொருளின் பெயரைக் கவிதையில் எழுதவேண்டியதில்லை. எழுதினாலும் அதைப் பற்றியே நாலு வரியும் எழுதக் கூடாது. ஏக்கம், கண்ணீர், பாசம் என்ற சொற்களை நாம் வகுப்பில் தடை செய்திருக்கிறோம். முதல் வாரம் பிள்ளைகள் திண்டாடிப் போவார்கள். நாலாவது வாரம் பழகிவிடும்.

பழைய காலத்தைத்தான் வரையவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி இரண்டு தேநீர்க் குவளைகளை வரைந்தாள். ஒன்று வெறுங்குவளை; மற்றொன்று தட்டால் மூடியிருக்கிறது. அவளுடைய தந்தை சிங்கப்பூரில் வேலை செய்பவர். வாரக் கடைசியில் வருவார், சில வாரம் வரமாட்டார். கீழே இப்படி எழுதியிருந்தாள்:

இரண்டு முறை
சூடு பண்ணியாயிற்று.
அம்மா சொல்கிறாள்:
பஸ் தாமதமாம்.

பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தன் தாய் தன் தந்தைக்காகக் காத்திருப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நாமாக இருந்தால் 'தேநீர்' என்று ஒரு சொல்லாவது சேர்த்திருப்போம். அவள் அதைப் படத்திடம் விட்டுவிட்டாள்.

அந்தத் தாளைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவைத்தோம். இரண்டு நாள் கழித்து அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். ஆலையில் இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. படத்தை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். நமக்குச் சுருக்கென்றது. வீட்டு விஷயத்தை ஊர் பார்க்க ஒட்டிவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டோம். ஒட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்; இப்போதெல்லாம் கேட்கிறோம்.

அவர் தாளைக் கிழியாமல் மெதுவாக உரித்தெடுத்து, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோவம் ஒண்ணும் இல்ல சார். அவரு இந்த வாரம் வர்றாரு. வந்தா கண்ணுல படுற மாதிரி ஒட்டணும்" என்றார்.